தொட்டுப் பார்க்க முடியாத செலவு

பினாங்குத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை சாலையில் பந்தல் போடும் குழுவுக்குச் சில வருஷம் கணக்கு எழுதியிருக்கிறேன். அரிசி, மோர், கேஸ் எல்லாம் காசு சுத்தமாக ஏட்டில் ஏறும். அனுமதிக்காக மாநகர் மன்றத்துக்கு அலைந்தவரின் பெட்ரோலும் லீவும் மட்டும் ஏறியதே இல்லை.

இராணுவச் செயற்கைக்கோளுக்கு எவ்வளவு ஆகும் என்று போடும் செலவு மதிப்பீட்டிலும் தொடக்கத்தில் நழுவுவது இதே வகைச் செலவுதான். தேவைகளை எழுதுவது, பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துமா என்று பார்ப்பது, ஆய்வுக் கூட்டங்கள், கால அட்டவணை. சிஸ்டம் எஞ்சினியரிங், திட்ட நிர்வாகம் என்று சொல்லும் இந்த வேலை எல்லாமே ஆட்களின் மணிநேரம்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பழகிய நமக்கு உடனே கை போவது சதவீதத்துக்கு: வன்பொருள் விலையில் இவ்வளவு என்று போட்டுவிடுவோம். லட்சக்கணக்கில் ஒரே பொருளைச் செய்யும் இடத்தில் சரி. மொத்தமே நாலைந்து செயற்கைக்கோள் என்றால் அது கவிழ்த்துவிடும். மலிவான சில்லு ஒன்றை வாங்குகிறீர்கள். சதவீதக் கணக்கில் பொறியாளர் செலவும் சேர்ந்து குறைகிறது. நடப்பிலோ, அது விண்வெளிக் கதிர்வீச்சைத் தாங்குமா என்று சோதிக்க இன்னும் நாலு பேர் வேண்டும்.

அடுத்தது காலம். வாங்கிய பாகம் கிடங்கில் சும்மா கிடக்கும். சம்பளம் மாதாமாதம் ஓடும். அமெரிக்காவின் ஏவுகணை எச்சரிக்கைத் திட்டமான எஸ்.பி.ஐ.ஆர்.எஸ். 1996இல் சுமார் 4 பில்லியன் டாலர் மதிப்பீட்டோடு தொடங்கியது. பிறகு 10 பில்லியனைத் தாண்டியது. 2002இல் போகவேண்டிய அதன் முதல் புவிநிலைச் செயற்கைக்கோள் (பூமியின் ஒரே பகுதிக்கு மேலேயே நிற்பது) 2011 மே மாதம்தான் விண்ணில் ஏறியது. அத்தனை வருஷமும் அந்தப் பொறியாளர் கூட்டத்துக்குச் சம்பளம் போயிருக்கும் அல்லவா? 90களில் வேறு, முழுப் பொறுப்பையும் ஒப்பந்ததாரரிடம் விட்டு அரசுத் தரப்பு மேற்பார்வையைக் குறைத்தார்கள். காகிதத்தில் மிச்சம்தான்!

2003இல் அமெரிக்க இராணுவ விண்வெளித் திட்டங்களை ஆராய்ந்த, தாமஸ் யங் தலைமையிலான குழு இன்னொன்றைச் சுட்டியது: செலவு மதிப்பீட்டுக்குள் அடங்கப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு, அடங்க 80 சதவீத வாய்ப்பு இருக்கும் அளவுக்குத் தொகையை ஏற்றுங்கள் என்றது. போட்டியில் ஜெயிக்கக் குறைத்துப் போட்ட ஏலத்தொகையையே மதிப்பீடாக எடுப்பது அதைவிட மோசம்.

அப்புறம் பழைய திட்டங்களின் எண்கள். ஒரு நிறுவனம் சிஸ்டம் எஞ்சினியரிங்கைத் தனி வரியில் காட்டும். இன்னொன்று அதே ஆட்களைக் கேமரா, ஆன்டெனா செலவுக்குள் போட்டுவைத்திருக்கும். அந்த வரிக்குள் யார் யார் சம்பளம் இருக்கிறது என்று போன் போட்டுக் கேட்காமல் எண்ணை எடுத்து ஒட்டாதீர்கள்.