சென்னைல பழைய ப்ளாட் வாங்கறதுக்கு முன்னாடி கட்டடத்தை செக் பண்றது எப்படி?

2021 கடைசில நங்கநல்லூர்ல ஒரு ப்ளாட் வாங்கினோம். 1995ல கட்டினது, 900 சதுர அடி, கீழ ஸ்டில்ட் பார்க்கிங் (சுவர் இல்லாம பில்லர் மட்டும் நிக்கற கார் தளம்), மேல 3 மாடி, மொத்தம் 8 வீடு. அதே ஏரியால புது ப்ளாட் சொல்ற விலையை விட ரொம்ப கம்மி, நல்ல தண்ணி, அம்மா நடந்து போற தூரத்துல கோயில், அதனால சந்தோஷமா ரெஜிஸ்டர் பண்ணிட்டோம். குடி வந்த 14வது மாசம் பில்லர் ரிப்பேருக்குன்னு வீட்டுக்கு 1,60,000 ரூபா கேட்டாங்க. வாங்கும்போது நான் பாத்தது டைல்ஸ், மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் மட்டும் தான். ஆனா நாம காசு குடுக்கறது அந்த 900 சதுர அடிக்கு மட்டும் இல்லங்க, பில்லர், மொட்டைமாடி, தண்ணி டேங்க், கூட இருக்கற 7 குடும்பத்தோட பேங்க் பேலன்ஸ் வரைக்கும் சேத்து தான் வாங்கறோம்.

அதுக்கப்புறம் என் தம்பிக்கும் ஆபீஸ்ல ரெண்டு பேருக்கும் ப்ளாட் பாக்க கூட போனேன், இந்த வரிசைல தான் பாத்தோம். இசி (வில்லங்க சான்றிதழ்), தாய் பத்திரம், வக்கீல் ஒப்பீனியன் எல்லாம் எப்படியும் எடுப்பீங்க, அதுல ஒரே ஒரு விஷயம் மட்டும் கடைசில சொல்றேன்.

ஸ்டெப் 1: எப்போ போகணும், என்ன எடுத்துட்டு போகணும்

மழை பெஞ்ச மறுநாள் போங்க. வெயில் காலம்னா காலைல 6 மணிக்கு, மோட்டார் ஓடற நேரத்துல. கைல ஒரு நல்ல எல்இடி டார்ச், ஒரு சின்ன சுத்தி போதும். ஆன்லைன்ல விக்கற ஈரம் பாக்கற மீட்டர் ஒண்ணு வாங்கி பாத்தேன், உப்பு பூத்த சுவர்ல அது காஞ்ச இடத்தையும் ஈரம்னு காட்டுது, வேண்டாம். டார்ச்சை சுவரோட ஒட்டி வெச்சு பக்கவாட்டுல அடிங்க, புதுசா பட்டி பாத்த இடம், பூச்சு உப்பின இடம் எல்லாம் நிழல் விழுந்து தனியா தெரியும். பெயின்ட் வாசனை அடிக்கற வீடா இருந்தா இதை ரெண்டு தடவை பண்ணுங்க.

ஸ்டெப் 2: பில்லர் (நான் கோட்டை விட்ட இடம், பொறுமையா படிங்க)

நாங்க பாக்க போனப்போ பில்லர் எல்லாம் தரைல இருந்து 3 அடிக்கு கருப்பு கிரானைட் ஒட்டி பளபளன்னு இருந்துச்சு. கார் உரசினா பெயின்ட் போகக்கூடாதுன்னு போட்டோம் சார்னு சொன்னாங்க, நானும் நல்லா பாத்துக்கறாங்க போலன்னு நெனச்சுட்டு நேரா மேல ஏறிட்டேன். பின்னாடி அந்த கல்லை பேத்தப்போ உள்ள கம்பி துரு பிடிச்சு செதில் செதிலா உதிர்ந்துச்சு.

ஏன் அடிப்பக்கம் மட்டும் இப்படி ஆகுதுன்னா, தினமும் கார் கழுவற தண்ணி அங்க தான் தேங்குது, பல கட்டடத்துல அந்த தண்ணியே உப்பு போர் தண்ணி. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம்னா உப்பு காத்து வேற. உப்பு கான்க்ரீட்டுக்குள்ள இறங்கி கம்பியை தொட்டதும் துரு ஆரம்பிக்குது, துரு பிடிச்ச இரும்பு பழைய அளவை விட ரெண்டு மடங்குல இருந்து ஆறு மடங்கு வரைக்கும் இடம் கேக்கும், அந்த அழுத்தத்துல கான்க்ரீட் வெடிக்குது, வெடிப்பு வழியா இன்னும் தண்ணி போகுது. அந்த காலத்து கான்க்ரீட்டும் இப்ப மாதிரி இல்ல, கம்பி போட்ட கான்க்ரீட்டுக்கான இந்திய விதி ஐஎஸ் 456ல குறைஞ்சபட்சம் எம்20 கான்க்ரீட்னு வந்ததே 2000ல தான், அதுக்கு முன்னாடி எம்15 போதும் (நம்பர் கூடினா பலம் கூட).

எப்படி பாக்கணும்னா, பில்லர் மூலைல மேல இருந்து கீழ நேரா ஓடற வெடிப்பு இருக்கா பாருங்க. சிலந்தி வலை மாதிரி பரவின மெல்லிசு கோடு பெரும்பாலும் பூச்சோட போயிடும், கம்பி போற திசைலயே ஓடற வெடிப்பு தான் பயப்பட வேண்டியது. பழுப்பு கறை வழிஞ்சிருந்தா சந்தேகமே வேண்டாம். அப்புறம் சுத்தியால மெதுவா தட்டிக்கிட்டே போங்க, நல்ல கான்க்ரீட் "டங்"னு கெட்டியா கேக்கும், உள்ள பிரிஞ்சிருந்தா "டொப்பு டொப்பு"ன்னு வெத்து சத்தம் வரும். கல்லு, டைல்ஸ் ஒட்டி மறைச்சிருந்தா அதுக்கு மேல இருக்கற பில்லரையும், ஸ்டில்ட் சீலிங்ல பீமையும் தட்டுங்க, எப்போ ஒட்டினாங்கன்னு வாட்ச்மேன்கிட்ட தனியா கேளுங்க.

ஏதாவது சந்தேகம்னா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை கூட்டிட்டு போங்க. காண்ட்ராக்டர் வேண்டாம், ரிப்பேர் வேலை எடுக்கப்போறவரே நோய் என்னன்னு சொல்லக்கூடாது, இதுல நான் ரொம்ப கறார். பேங்க் அனுப்பற வேல்யூவர் கட்டடத்தோட விலையை பாக்க வர்றவர், பில்லரை சோதிக்க வர்றவர் இல்ல. நல்ல இன்ஜினியர் ஓனர் அனுமதியோட ஒரு ஓரத்தை லேசா பேத்து பினால்ஃப்தலின்னு ஒரு கெமிக்கல் தெளிச்சு காட்டுவார், கான்க்ரீட் நல்லா இருந்தா ரோஸ் கலர் வரும், கலரே வரலன்னா கம்பியை காப்பாத்தற காரத்தன்மை அங்க போயிடுச்சுன்னு அர்த்தம். ஹாஃப்-செல்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அது கம்பில துரு இப்ப ஓடிட்டிருக்க எவ்வளவு வாய்ப்புன்னு காட்டும்.

இன்னொண்ணு, மேல சிமென்ட் பூசி மூடினது ரிப்பேரே இல்ல. உதிர்ந்ததை எல்லாம் பேத்து எடுத்து, கம்பில துருவை தேய்ச்சு, கோட்டிங் அடிச்சு, தேவைப்பட்டா புது கம்பி கட்டி சுத்தி மைக்ரோ கான்க்ரீட் (இடுக்குல எல்லாம் ஓடி நிரம்பற பொடி ஜல்லி கான்க்ரீட்) போடணும். அப்படி போட்டதுல எங்க பில்லர் பெருத்து ரெண்டு கார் பார்க்கிங் குறுகிடுச்சு, அந்த சண்டை இன்னும் ஓடிட்டிருக்கு.

ஸ்டெப் 3: மொட்டைமாடி

சாவி இல்லன்னு சொன்னா இன்னொரு நாள் வரேன்னு சொல்லிட்டு வந்துடுங்க, பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. பழைய கட்டடத்துல செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு மேல தட்டு ஓடு பதிச்சிருப்பாங்க. ஓடு இடுக்குல செடி முளைச்சிருக்கா, தண்ணி தேங்கின பாசி வட்டம் இருக்கா, டேங்க் அடில கம்பி வெளிய தெரியுதா பாருங்க. பழைய ஓடை எடுக்காம அது மேலயே இன்னொரு அடுக்கு ஓடு போட்டிருந்தா பாரம் ஸ்லாப் மேல தான். மொட்டைமாடி உரிமையை டாப் ஃப்ளோர் ஓனருக்கு மட்டும் எழுதி குடுத்திருக்காங்களான்னு பத்திரத்துல தேடுங்க, ஒழுகும்போது யார் செலவுன்னு தகராறு வர்றது அங்க தான்.

ஸ்டெப் 4: கீழ் வீட்டு கதவை தட்டுங்க

கூச்சமா தான் இருக்கும், பரவால்ல. நீங்க வாங்கற வீட்டுக்கு நேர் கீழ இருக்கறவங்க பாத்ரூம் சீலிங்கை ஒரு நிமிஷம் பாக்கலாமான்னு கேளுங்க. உங்க பாத்ரூம் ஒழுகினா அது அவங்க தலைல தான் சொட்டும், வீட்டுக்குள்ள நின்னு பாத்தா தெரியவே தெரியாது. என் தம்பி ஆதம்பாக்கத்துல வேண்டாம்னு விட்ட ப்ளாட் இதனால தான், கீழ் வீட்டு அக்கா மூணு வருஷமா பக்கெட் வெச்சிருக்கறதா சொன்னாங்க. பாத்ரூமை முழுசா உடைச்சு, சங்கன் ஸ்லாபை (பைப் போறதுக்காக பள்ளமா போட்ட பாத்ரூம் தளம்) காலி பண்ணி, வாட்டர்ப்ரூஃப் பண்ணி திரும்ப கட்டறது சின்ன செலவு இல்ல.

அப்படியே எல்லா குழாயையும் ஒரே நேரத்துல திறங்க. ஜிஐ பைப்னா (பழைய இரும்பு பைப்) உள்ள துரு அடைச்சு தண்ணி நூலா வரும், காலைல முதல் தண்ணி பழுப்பா இருக்கும். இபி பக்கம் சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸான்னு பாருங்க, ரெண்டு ஏசி போட நெனச்சா லோடு ஏத்தணும், வயரிங் மாத்தணும்.

தெருமுனைல இஸ்திரி போடற அண்ணாகிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க, 2015 டிசம்பர்ல தண்ணி எது வரைக்கும் நின்னுச்சு, 2019 கோடைல இந்த பில்டிங்குக்கு எத்தனை தண்ணி லாரி வந்துச்சு. புரோக்கர் சொல்லாத பதில் அங்க கிடைக்கும்.

ஸ்டெப் 5: அசோசியேஷன் கணக்கு

மாசம் 1,500 தான் மெயின்டெனன்ஸ்னு சொன்னதும் நான் சந்தோஷப்பட்டேன். ஆனா அது வாட்ச்மேன், கரன்ட், மோட்டாருக்கே சரியா போகுது, பெரிய ரிப்பேருக்குன்னு சேத்து வெக்கற கார்பஸ் ஃபண்ட்னு ஒண்ணு இல்லவே இல்ல. மூணு வருஷ வரவு செலவு, பேங்க் பாஸ்புக், கடைசி மீட்டிங் மினிட்ஸ் மூணையும் கேளுங்க. மினிட்ஸ்ல "பில்லர்", "எஸ்டிமேட்", "கொட்டேஷன்" இந்த வார்த்தை இருந்தா பணம் கேக்கப்போறாங்கன்னு அர்த்தம், எங்க கட்டடத்துல நாங்க வாங்கறதுக்கு 6 மாசம் முன்னாடியே கொட்டேஷன் வாங்கியிருந்தாங்க, வித்தவருக்கு அது தெரியும். எத்தனை வீடு வாடகைக்கு விட்டிருக்கு, எத்தனை ஓனர் வெளிநாட்டுல, யார் யார் பாக்கின்னும் கேளுங்க. ஒருத்தர் குடுக்கலன்னா கூட வேலை நிக்கும், மழை நிக்காது. லிஃப்ட் இருந்தா லைசென்ஸ், ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) தேதி பாருங்க.

ஸ்டெப் 6: விலைக்கு மேல வர்ற காசு

முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இது எல்லாருக்கும் தெரியும். லோன்ல தான் பழைய கட்டடம் கழுத்தை பிடிக்கும், பேங்க் கட்டடத்தோட மிச்ச ஆயுசை கணக்கு போட்டு வருஷத்தை குறைச்சுடுவாங்க, இஎம்ஐ ஏறிடும், வேல்யூவேஷனும் கம்மியா போட்டா கைக்காசு இன்னும் வேணும். அட்வான்ஸுக்கு முன்னாடியே பேங்க்ல கட்டடத்தோட வயசை சொல்லி கேட்டுடுங்க.

ஸ்டெப் 7: யுடிஎஸ் கூட்டல்

கட்டடம் தேயும், கடைசில நிக்கறது உங்க பேர்ல இருக்கற பிரிக்கப்படாத நிலப் பங்கு தான், அதைத்தான் யுடிஎஸ்னு சொல்றாங்க. எங்களது 2 கிரவுண்ட், 4,800 சதுர அடி, 8 வீட்டுக்கு தலா 600. இசில அந்த சர்வே நம்பர்ல வித்த எல்லா பத்திரமும் வரும், ஒவ்வொண்ணுலயும் எழுதியிருக்கற யுடிஎஸ்ஸை கூட்டுங்க. மடிப்பாக்கத்துல ஒரு இடத்துல அதே 4,800 அடி நிலத்துக்கு 9 பத்திரம், தலா 600, கூட்டினா 5,400. இல்லாத நிலத்தை வித்திருக்காங்க, அந்த ஒம்பதாவது வீடு பிளான்லயே கிடையாது. 2011க்கு முன்னாடி பஞ்சாயத்தா இருந்த ஏரியான்னா சிஎம்டிஏ (சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல் இருக்கான்னு தனியா பாருங்க.

இது ஏன் முக்கியம்னா, தமிழ்நாடு அடுக்குமாடி குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, 2024 மார்ச்ல அமலுக்கு வந்துச்சு, மூணுல ரெண்டு பங்கு ஓனர் சம்மதிச்சா இடிச்சு கட்டலாம். எங்க கட்டடம் கட்டினப்போ எஃப்எஸ்ஐ (நிலத்தோட அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு) 1.5, அதாவது 7,200 சதுர அடி, 2019 விதிகள்ல அது 2 ஆச்சு, ரோடு அகலம் எல்லாம் ஒத்து வந்தா 9,600. அப்போ உங்க பங்கை முடிவு பண்றது யுடிஎஸ் தான்.

அப்டேட்: ஒருத்தர் கமென்ட்ல கேட்டிருந்தார், 50 லட்சமோ அதுக்கு மேலயோன்னா 1 சதவீதம் டிடிஎஸ் (வாங்கறவர் விலைல பிடிச்சு அரசாங்கத்துக்கு கட்டற வரி) பிடிச்சா போதுமான்னு. விக்கறவர் இந்தியால இருந்தா சரி. வெளிநாட்டுல குடியிருக்கறவர்னா கதையே வேற, 50 லட்சத்துக்கு கீழ இருந்தாலும் பிடிக்கணும், சதவீதமும் ரொம்ப ஜாஸ்தி, பிடிக்காம விட்டா வரித்துறை தேடி வர்றது வாங்கினவரை. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஆடிட்டரை பாருங்க.

இன்னொரு அப்டேட்: மயிலாப்பூர்ல வாங்கின ஒரு வாசகி எழுதினது, நான் லிஸ்ட்ல விட்டுட்டேன். காம்பவுண்டுக்குள்ள இருக்கற சாக்கடை சேம்பர் மூடியை திறந்து பாக்க சொல்லுங்க. பழைய ஸ்டோன்வேர் (சுட்ட மண்) பைப் ஜாயின்ட்ல மரத்து வேர் பூந்து அடைச்சிருக்கும், பக்கத்துல வேப்பமரமோ அரசமரமோ இருந்தா கண்டிப்பா பாக்கணும், கிரவுண்ட் ஃப்ளோர் வாங்கறவங்களுக்கு அடைப்பு அவங்க பாத்ரூம் வழியா தான் மேல வரும்.