இரைப்பையில் வளையம் போட்ட பிறகு சாப்பிடப் பழகுவது எப்படி: சேலத்துக்காரன் ஒருவனின் குறிப்பு

"அண்ணா, சோறு இறங்கவே மாட்டேங்குதுங்க. ஐஸ்கிரீம் மட்டும் நல்லா இறங்குது. அப்போ அதையே சாப்பிட்டுக்கலாமுங்களா?"

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி போன மாதம் போனில் கேட்டது இது. உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் வளையம் போட்டு ஐந்து மாதம் ஆகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் வளையம் போட்டுக்கொண்ட நானும் ஒரு கட்டத்தில் இதே கணக்கைத்தான் போட்டேன். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறவன். வளையம் போடும்போது 118 கிலோ, இப்போது 86. நடுவில் 79 வரை இறங்கி மறுபடி ஏறிய கதை ஒன்று உண்டு. அதற்குக் காரணம் ஜவ்வரிசிப் பாயசம். அந்தக் கதை ஆறாவது படியில் வருகிறது.

இப்போதெல்லாம் இரைப்பையையே வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன்தான் அதிகம். வளையம் போடுவது குறைந்துவிட்டது. ஆனால் முன்பு போட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம், அங்கங்கே புதிதாகவும் வருகிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கான் வளையம். எதையும் வெட்டவில்லை, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். வளையத்துக்கு மேலே ஒரு சின்னப் பை மாதிரி இடம் கிடைக்கிறது. 15 முதல் 30 மில்லி கொள்ளும். குழந்தைக்கு மருந்து ஊற்றும் பாலாடை இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த அளவு. வளையத்தின் உள்பக்கம் காற்றில்லாத சைக்கிள் டியூப் மாதிரி. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, வயிற்றுத் தோலுக்கு அடியில் தைத்திருக்கும் போர்ட் என்ற சின்னப் பொத்தானில் முடிகிறது. அந்தப் பொத்தான் வழியாக உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும்.

என் அம்மா இதை இன்றுவரை "வயித்துக்குப் பூட்டு" என்றுதான் சொல்கிறார். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். பூட்டு என்றால் எதையும் உள்ளே விடாது. இது அப்படியில்லை. கெட்டியான சாப்பாட்டை மெதுவாக்கி, கொஞ்சம் சாப்பிட்டதுமே போதும் என்ற உணர்வைக் கொடுக்கும், அவ்வளவுதான். தண்ணியாக வருவது எதையும் கேள்வி கேட்காமல் விட்டுவிடும்.

படி 2: முதல் ஆறு வாரம் அவசரப்படாதீர்கள்

முதல் ஒன்றிரண்டு நாள் தெளிவான நீர் ஆகாரம்: வடிகட்டிய பருப்புத் தெளிவு, காரமில்லாத ரசத் தெளிவு. அப்புறம் இரண்டு வாரம் வரை மோர், பால், கட்டியில்லாமல் கரைத்த ராகிக் கஞ்சி. அடுத்த இரண்டு வாரம் மசியல்: குழைய வெந்த பாசிப்பருப்பு, மசித்த முட்டை, அரைத்த காய். அதற்கடுத்து வேகவைத்த மீன், பனீர் போன்ற மெத்தென்ற சாப்பாடு. ஆறு வாரத்தை ஒட்டித்தான் வழக்கமான சாப்பாடு. நாள் கணக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும், வரிசை பெரும்பாலும் இதுதான்.

வளையம் அந்த இடத்தில் நிலையாக உட்கார இந்தக் காலம் தேவை. இப்போது கெட்டியாகத் தின்று வாந்தி எடுத்தால் வளையம் நகர்ந்துவிடலாம். முதல் சில நாள் தோள்பட்டை வலித்தால் பயப்படாதீர்கள், ஆபரேஷனில் வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவால் பலருக்கும் வருவது.

படி 3: ஊசிக்குப் போகும்போது உண்மையைச் சொல்லுங்கள்

பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம் கழித்து முதல் ஊசி. ஃபில் என்பார்கள். மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையைத் தூக்கச் சொல்வார்கள். வயிறு இறுகும்போது தோலுக்கடியில் போர்ட் நாணயம் மாதிரி தட்டுப்படும். விரலால் பிடித்துக்கொண்டு தனி ஊசியால் உப்புநீர் ஏற்றுவார்கள். ரத்தம் எடுக்கும் வலிதான். முடிந்ததும் உட்கார வைத்து ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அது தடையில்லாமல் இறங்கின பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள். எவ்வளவு மில்லி ஏற்றினார்கள் என்பதை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் சாப்பிட்டே மூன்று நாலு மணி நேரம் பசி தாங்குகிறதா? அளவு சரி. தட்டு நிறையச் சாப்பிட்டும் ஒரு மணி நேரத்தில் பசிக்கிறதா? கொஞ்சம் ஏற்றலாம். படுத்தால் இருமல், நெஞ்சுக்குப் புளிப்பாக எதுக்களிப்பு, காலையில் காபி தவிர எதுவும் இறங்காமல் போவது, இதெல்லாம் வளையம் அதிகமாக இறுகியதற்கு அறிகுறி. அப்போது வளையத்தில் ஏற்றிய உப்புநீரைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

படி 4: ஒரு வாய், ஒரு நிமிடம்

இந்த ஒரு படிக்கு மட்டும் நான் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டேன்.

நம் ஊரில் சோற்றைப் பிசைந்து கவளமாக உருட்டி வாயில் போடுவோம். அந்தக் கவளம் பாலாடையில் பாதி. ஒரு வாய் சாப்பாடு வளையத்தைக் கடக்க ஒரு நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் அடுத்த கவளம் வந்து மேலே உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கொண்டலாம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் தெரிந்துகொண்டேன். பேச்சு சுவாரசியத்தில் பிரியாணிக் கறியை இரண்டே தடவை மென்று விழுங்கிவிட்டேன். முதலில் ஒரு விக்கல். அப்புறம் நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி. மூக்கில் தண்ணீர். அதற்கடுத்து வாயில் எச்சில் ஊறத் தொடங்கியது பாருங்கள், விழுங்கவும் முடியவில்லை, நிற்கவும் இல்லை. கை கழுவுமிடத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, வழவழவென்று நூலாக ஒழுகும் எச்சிலைத் துப்பிக்கொண்டே கால் மணி நேரம் நின்றேன். பந்தி பரிமாறுகிற பையன், "அண்ணா, சோடா கொண்டாரட்டுங்களா?" என்றான். நல்லவேளை, வேண்டாமென்று கையை ஆட்டினேன். அடைத்துக்கொண்ட நேரத்தில் சோடாவோ தண்ணீரோ உள்ளே போனால் அதுவும் சேர்ந்துதான் மேலே வரும். எழுந்து மெல்ல நடங்கள், மூச்சை நிதானமாக விடுங்கள், தானாக இறங்கும் அல்லது வெளியே வரும். அன்றைக்கு மிச்ச நேரம் நீர் ஆகாரம் போதும்.

இப்போது நான் செய்வது: சின்னத் தட்டு, குழந்தைக்குக் கொடுக்கும் சின்ன ஸ்பூன். ஒரு வாய் என்பது கொண்டைக்கடலை அளவு. கூழாகும் வரை மென்று, விழுங்கியதும் ஸ்பூனைத் தட்டில் வைத்துவிடுவேன். கையில் ஸ்பூன் இருந்தால் அது சும்மா இருக்காது. அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது. முதல் விக்கலோ மூக்கு ஒழுகலோ வந்தால் அதுதான் மணி அடித்த மாதிரி, தட்டில் என்ன இருந்தாலும் எழுந்துவிடுவேன். "என்ன சாமி, கோழி கொத்தற மாதிரி கொத்திட்டு எழுந்திரிக்கிற" என்று அம்மா சொல்வார். சொல்லட்டும்.

சாப்பிடும் வரிசை முக்கியம். முட்டை, மீன், கோழி, பருப்பு, பனீர் முதலில். காய் அடுத்தது. சோறு கடைசியில், இடமிருந்தால். பலருக்கு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான். சோற்றில் ஆரம்பித்தால் இந்தக் கணக்கு எட்டவே எட்டாது. முருங்கைக்காய் சக்கை, வாழைத்தண்டு நார், காய்ந்த கோழித் துண்டு இதெல்லாம் அடைக்கும். ஆட்டுக்கறி என்றால் கொத்துக்கறியாக வாங்குங்கள். எனக்கு மெத்தென்ற இட்லியும் சப்பாத்தியும் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், முறுகல் தோசை இறங்கிவிடும். உங்களுக்கு எது என்று நீங்களே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

படி 5: தண்ணீரைச் சாப்பாட்டிலிருந்து பிரியுங்கள்

சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. சாப்பிட்ட பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கூடாது. மேலே நிற்க வேண்டிய சாப்பாட்டைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டால், நிறைந்த உணர்வும் கூடவே போய்விடும். ஆனால் சேலத்து மே மாத வெயிலில் தண்ணீரைக் குறைக்கவும் முடியாது. மண்டியில் என் மேஜை மேல் ஒரு லிட்டர் பாட்டில் இருக்கும். காலைச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் வாய் வாயாக முடித்துவிடுவேன். சாயங்காலம் இன்னொரு பாட்டில். சோடா, கோலா வகைகளை அடியோடு விட்டுவிட்டேன்.

படி 6: வழுக்கிப் போவதை நம்பாதீர்கள்

மூன்றாவது வருஷம் 79 கிலோவில் இருந்தேன். இன்னும் இறங்கலாமே என்று பேராசை. டாக்டர் தயங்கினார், நான்தான் கெஞ்சி இன்னும் ஒரு மில்லி ஏற்றச் சொன்னேன். வளையம் இறுகியது. கோழி இறங்கவில்லை, பருப்புகூடச் சிரமம். பசித்தது. என்ன இறங்கும் என்று வாய் தேட ஆரம்பித்தது.

ஜவ்வரிசிப் பாயசம் இறங்கியது. ஜவ்வரிசி ஆலைகள் சூழ்ந்த ஊர் இது, எங்கள் மண்டியிலேயே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். பாலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சினால் வளையத்துக்கு அது வந்ததே தெரியாது. அப்புறம் மில்க் ஷேக், மாம்பழ ஜூஸ். சாயங்காலம் தட்டுவடை செட். மொறுமொறுவென்று கெட்டியாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். வாயில் போட்டதும் மாவாகிவிடும், நடுவில் வைத்த காரட், பீட்ரூட் துருவலும் சட்னியும் சேர்ந்து ஈரமாக்கிவிடும், எட்டு செட் உள்ளே போனாலும் ஒரு தடையும் இல்லை. பிஸ்கட், சிப்ஸ் எல்லாம் இதே ஜாதி. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால் குருவிக்கு வைத்த மாதிரி இருக்கும். "கொஞ்சமாத்தான் சாப்பிடறாரு, எப்படி எடை ஏறுது" என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். ஏழு மாதத்தில் ஒன்பது கிலோ ஏறினேன்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க." சொன்னேன். அவர் அந்த ஒரு மில்லியை வெளியே எடுத்துவிட்டார். இறுக்கம் குறைந்ததும் கோழியும் கொண்டைக்கடலையும் இறங்கின. மென்று சாப்பிட வேண்டியவை இறங்கியதும் பாயசத்தைத் தேடும் வாய் அடங்கியது, எடையும் மெல்லத் திரும்பியது. பழைய 79 வரவில்லை, 86இல் நின்றது. பரவாயில்லை.

அம்மாபேட்டைத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். சோறு இறங்காமல் ஐஸ்கிரீம் மட்டும் இறங்கினால், வேகமாகச் சாப்பிடுகிறீர்கள் அல்லது வளையம் அதிகமாக இறுகியிருக்கிறது. இரண்டாவது என்றால் டாக்டரிடம் போக வேண்டும், ஐஸ்கிரீம் கடைக்கு இல்லை.

படி 7: மாத்திரை, சத்து

பெரிய மாத்திரை மாட்டிக்கொள்ளும். உடைக்கலாமா, சிரப் கிடைக்குமா என்று மருந்துக் கடையில் கேளுங்கள், சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது. தலைவலிக்கு ஐபுபுரூஃபன் வகை வலிமாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், இரைப்பையைப் புண்ணாக்கும். எடை குறையக் குறைய சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் அளவும் மாற வேண்டியிருக்கும். விட்டமின் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் வளையத்தைத் தளர்த்துவார்கள்.

படி 8: எப்போது உடனே ஓட வேண்டும்

தண்ணீரோ எச்சிலோகூட இறங்கவில்லை என்றால், வாந்தி நிற்கவில்லை என்றால், வயிற்றில் கடுமையான வலி என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். வளையம் நகர்ந்திருக்கலாம். நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் விட்டமின் பி1 குறைந்து நரம்பையே பாதிக்கும். போர்ட் இருக்கும் இடம் சிவந்து வீங்கினாலும், ஒரு நாள் திடீரென்று தடையே இல்லாமல் எல்லாம் இறங்கிப் பசி பழையபடி வந்தாலும் காட்டிவிடுங்கள். குழாய் கசிந்திருக்கலாம், வளையம் இரைப்பைச் சுவரை அரித்திருக்கவும் கூடும். பர்ஸில் ஒரு சீட்டு வையுங்கள்: வளையத்தின் பெயர், போட்ட தேதி, இப்போது எத்தனை மில்லி, டாக்டர் நம்பர். எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும் முதலில் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.

படி 9: ஏற்காடு போகும் நாள்

இதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. மலைப்பாதையில் குமட்டும் ஆளாக இருந்தால், வளையம் போட்ட வயிற்றோடு வாந்தி எடுப்பது விளையாட்டில்லை. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் சாப்பாட்டை முடித்துவிடுவேன், அதுவும் மெத்தென்றதாக. பஸ்ஸில் முன் சீட்டு. போன் பார்ப்பதில்லை. வாந்தி மாத்திரை எது என்று முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

மேலே ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் இறங்கியதும் நேராக பஜ்ஜிக் கடைக்குப் போகாமல், வெந்நீர் இரண்டு வாய், அரை மணி நேரம் ஏரிப் பக்கம் நடை. ஆரஞ்சு கிடைக்கும் காலமென்றால் ஒன்று வாங்குவேன். சுளையை அப்படியே விழுங்கக் கூடாது, அந்த மெல்லிய தோலும் வெள்ளை நாரும் நன்றாக அடைக்கும். நகத்தால் கீறி, தோலை உரித்து, முத்து முத்தாக உள்ளிருப்பதை மட்டும் எடுத்துத் தின்பேன். நாலு சுளைக்குக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் என் மகள் அவள் பழத்தை முடித்துவிட்டு, நான் உரித்துப் போட்ட தோலையும் எடுத்து மென்றுகொண்டிருப்பாள்.