கிரெடிட் கார்டை மூடும் முன்: சிபில் ஸ்கோர் அடிபடாமல் கணக்கை முடிக்கும் முறை

கிரெடிட் கார்டு ஒன்றை மூடினாலே, கடனை ஒழுங்காகத் திருப்பித் தருபவரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் சரிந்துவிடும் என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. அந்த அச்சத்தாலேயே, தொட்டும் பார்க்காத கார்டுக்கு ஆண்டுதோறும் 500 ரூபாயோ 1,000 ரூபாயோ கட்டணமும், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் செலுத்திக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கார்டைக் கத்தரியால் நறுக்கிக் குப்பையில் போட்டதோடு கணக்கு முடிந்துவிட்டது என்று இருந்துவிடுபவர்களும் உண்டு. இவ்விருவரில் தம் ஸ்கோருக்கு அதிகத் தீங்கு செய்துகொள்பவர் இரண்டாமவரே. முறையாக மூடப்பட்ட கார்டு ஸ்கோரைப் பாதிப்பது பெரும்பாலும் சிறிதளவே, அதுவும் சில மாதங்களில் சரியாகிவிடக்கூடியது. அரைகுறையாக விடப்பட்ட கார்டோ, சில நூறு ரூபாய் நிலுவைக்காகக்கூட ஆண்டுக்கணக்கில் கடன் அறிக்கையில் நின்று உறுத்தும்.

இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் நம் கடன் விவரங்களைத் திரட்டி அறிக்கையும் ஸ்கோரும் தருகின்றன. இவை 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் ‘சிபில்’ என்றே சொல்லிவிடுகிறோம். ஸ்கோர் 300 முதல் 900 வரை இருக்கும். அதைக் கணக்கிடும் சூத்திரம் முழுமையாக வெளியிடப்படுவதில்லை என்றாலும், எவையெவை கணக்கில் கொள்ளப்படுகின்றன என்பது தெரிந்ததே: தவணைகளையும் பில்களையும் உரிய நாளில் கட்டிய வரலாறு, மொத்தக் கடன் வரம்பில் எவ்வளவு பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்ற விகிதம், கணக்குகளின் வயது, கடன்களின் வகை, அண்மையில் புதிதாகக் கடன் கேட்டு விண்ணப்பித்த எண்ணிக்கை. கார்டை மூடுவது இவற்றுள் முக்கியமாக இரண்டாவதையும் மூன்றாவதையும்தான் தொடுகிறது. ஏற்கெனவே தாமதமாகக் கட்டிய வரலாறு, கார்டை மூடுவதால் மறைவதும் இல்லை, புதிதாகக் கெடுவதும் இல்லை.

வரம்புக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்

உண்மையான பாதிப்பு எங்கே வருகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். ஒருவரிடம் மூன்று கார்டுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். முதல் கார்டின் வரம்பு 2,00,000 ரூபாய். அதில் செலவே இல்லை. இரண்டாவதன் வரம்பு 1,00,000 ரூபாய். மாதந்தோறும் 45,000 ரூபாய் பில் வருகிறது. மூன்றாவதன் வரம்பு 50,000 ரூபாய். பில் 5,000 ரூபாய். மொத்த வரம்பு 3,50,000, மொத்தப் பயன்பாடு 50,000. ஆகவே விகிதம் 14 சதவீதத்தை ஒட்டியிருக்கிறது. ‘பயன்படுத்தாத கார்டுதானே’ என்று முதல் கார்டை அவர் மூடிவிட்டால், செலவில் ஒரு ரூபாய்கூடக் கூடாத நிலையிலும் மொத்த வரம்பு 1,50,000 ஆகச் சுருங்கி, விகிதம் 33 சதவீதத்தைத் தாண்டிவிடும். 30 சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அவரே மூன்றாவது கார்டை மூடி, அதன் 5,000 ரூபாய்ச் செலவை இரண்டாவது கார்டுக்கு மாற்றியிருந்தால், விகிதம் 17 சதவீதத்துக்குள் நின்றிருக்கும்.

ஆகவே மூட நினைக்கும் கார்டின் வரம்பைக் கழித்துவிட்டு, மீதமுள்ள கார்டுகளின் மொத்த வரம்பால், வழக்கமாக வரும் மாதப் பில்களின் கூட்டுத்தொகையை வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் எண் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தப் பக்கத்திலிருந்து கவலைப்பட ஏதுமில்லை. மேலே போனால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வைத்துக்கொள்ளப் போகும் கார்டின் வரம்பை உயர்த்தித் தருமாறு வங்கியிடம் முன்கூட்டியே கேட்டு, உயர்ந்த பிறகு மற்றதை மூடுவது. மற்றொன்று, பில் தயாராகும் நாளுக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுவது. அறிக்கைக்குப் போவது பொதுவாக ஸ்டேட்மென்டில் உள்ள தொகையே என்பதால், மேற்சொன்னவர் முதல் கார்டை மூடிய பிறகும் ஸ்டேட்மென்ட் நாளுக்கு முன்பே 30,000 ரூபாயைச் செலுத்தினால், கணக்கில் தெரியும் நிலுவை 20,000 மட்டுமே. விகிதம் மறுபடியும் 13 சதவீதத்துக்கு வந்துவிடும். இந்தக் காரணத்தால் ஏற்படும் சரிவைத் தற்காலிகமானது என்று சொல்வதும் இதனால்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே வங்கியில் இரண்டு மூன்று கார்டுகள் வைத்திருப்பவர்களுக்குப் பல வங்கிகள் ஒரே வரம்பைத்தான் அவற்றுக்கிடையே பகிர்ந்து தருகின்றன. அத்தகைய கார்டுகளில் ஒன்றை மூடினால் கையிலுள்ள மொத்த வரம்பு குறையாமல் போகலாம். சில வங்கிகள் மூடப்படும் கார்டின் வரம்பை மற்றொன்றுக்கு மாற்றித் தரவும் செய்யும். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். எனவே மூடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கணக்கின் வயது பற்றிய கவலை இதைவிடச் சிறியது. மூடிய கார்டு அன்றே அறிக்கையிலிருந்து நீங்கிவிடுவதில்லை. திறந்த தேதி, மூடிய தேதி, கடைசி மாதங்களில் ஒழுங்காகக் கட்டிய விவரம் ஆகிய எல்லாவற்றோடும் அது ‘மூடப்பட்டது’ என்ற குறிப்புடன் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். கடன் தகவல் நிறுவனங்கள் விவரங்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இருந்தாலும், இயங்கிக்கொண்டிருக்கும் பழைய கணக்கு மாதந்தோறும் நல்ல பதிவுகளைச் சேர்த்துக்கொண்டே போகும். மூடிய கணக்கு அதைச் செய்யாது. அதனால் உங்களிடம் உள்ளவற்றில் மிகப் பழைய கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லையென்றால் அதை விட்டுவைத்து, வேறொன்றை மூடுங்கள். ஒரே ஒரு கார்டுதான் இருக்கிறது, வேறு கடனும் இல்லை என்றால், மூடுவதை ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

கட்டணம் உள்ள பழைய கார்டு என்றால், மூடுவதற்கு முன் அதே வங்கியின் கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். மூடப்போவதாகச் சொன்னவுடன் வாடிக்கையாளர் சேவையிலிருந்து கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்வது வழக்கம்தான். அந்தத் தள்ளுபடி இந்த ஓர் ஆண்டுக்கு மட்டுமா, ஆயுள் முழுவதுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்காவிட்டால், அடுத்த ஆண்டும் இதே உரையாடலை நடத்த வேண்டியிருக்கும்.

எப்போது மூடக் கூடாது

வீட்டுக் கடனுக்கோ வாகனக் கடனுக்கோ அடுத்த சில மாதங்களில் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், கடன் கைக்கு வரும்வரை எந்தக் கார்டையும் மூட வேண்டாம். சில புள்ளிகள் குறைந்தாலும் வட்டி விகிதத்தில் கால் சதவீதம் மாறக்கூடிய இடங்களில், இருபது ஆண்டுக் கடனுக்கு அது சிறிய தொகை அல்ல. மூடியே ஆக வேண்டும் என்றால், விண்ணப்பத்துக்கு நான்கைந்து மாதங்களுக்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள். அதேபோல மூன்று நான்கு கார்டுகளை ஒரே வாரத்தில் மூடுவதும் நல்லதல்ல. ஒன்றை மூடி, அறிக்கையில் அது சரியாகப் பதிவானதைப் பார்த்த பிறகு அடுத்ததற்குப் போகலாம்.

மற்றொரு பக்கமும் இருக்கிறது. கார்டு கையில் இருந்தால் செலவைக் கட்டுப்படுத்த முடியாமல், மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக் கடனில் மூழ்கிக்கொண்டிருப்பவர், ஸ்கோரைப் பற்றி எண்ணாமல் கார்டை மூடுவதே அறிவுடைமை. ஆண்டுக்கு 40 சதவீதத்தை எட்டும் வட்டியின் முன் இருபது முப்பது புள்ளிகள் ஒரு பொருட்டல்ல.

மூடும் முறை

கோரிக்கை கொடுப்பதற்கு முன் கார்டை வெறுமையாக்க வேண்டும். ரிவார்டு புள்ளிகள் இருந்தால் முதலில் அவற்றைப் பயன்படுத்திவிடுங்கள், ஏனெனில் கணக்கு மூடப்பட்டதும் அவை பெரும்பாலும் காலாவதியாகிவிடும். அந்தக் கார்டிலிருந்து தானாகக் கழியும் மின்கட்டணம், காப்பீட்டு பிரீமியம், ஓ.டி.டி. சந்தா போன்றவற்றை வேறு கார்டுக்கோ வங்கிக் கணக்குக்கோ மாற்றுங்கள். ரூபே கார்டாக இருந்து யு.பி.ஐ. செயலியில் இணைத்திருந்தால் அதையும் நீக்குங்கள். பெரிய செலவை இ.எம்.ஐ. ஆக மாற்றியிருந்தாலோ கார்டின் மீது கடன் வாங்கியிருந்தாலோ, அது முடியும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணத்தைச் செலுத்தி முடிக்க வேண்டும்.

நிலுவையைக் கட்டுவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். மாதந்தோறும் முழுத் தொகையைக் கட்டி வந்தவருக்குச் சிக்கல் இல்லை. பாக்கி வைத்து வட்டி கட்டி வந்தவருக்கோ, ஸ்டேட்மென்டில் உள்ள தொகையைக் கட்டினால் மட்டும் கணக்கு பூஜ்யமாகிவிடாது. ஸ்டேட்மென்ட் நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி அடுத்த ஸ்டேட்மென்டில்தான் வரும். 10ஆம் தேதி ஸ்டேட்மென்டில் 40,000 ரூபாய் பாக்கி, 25ஆம் தேதி முழுவதும் கட்டப்படுகிறது, வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம் என்று கொள்வோம். அந்தப் பதினைந்து நாட்களுக்கு 690 ரூபாய் வட்டியும் அதன்மீது ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து ஏறக்குறைய 815 ரூபாய் பிறகு வந்து நிற்கும். எல்லாம் கட்டியாகிவிட்டது என்று செய்தியைப் பார்க்காமல் விட்டவரின் கணக்கில் இந்த 815 ரூபாய் கெடு கடந்த பாக்கியாகப் பதிவாகும். அதனால் கணக்கை மூடுவதற்கான முழு இறுதித் தொகை எவ்வளவு என்று வங்கியிடமே கேட்டு, அதைக் கட்டுங்கள்.

பிறகு கோரிக்கை. ஆர்.பி.ஐ.யின் கார்டு வழிகாட்டு நெறிகளின்படி, உதவி எண், மின்னஞ்சல், இணையதளம், நெட் பேங்கிங், மொபைல் செயலி போன்ற பல வழிகளில் கோரிக்கையை ஏற்க வங்கி ஏற்பாடு செய்திருக்க வேண்டும். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. நிலுவை ஏதும் இல்லாத நிலையில், கோரிக்கை கொடுத்ததிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் கணக்கை மூட வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். இந்த விதி இருப்பதாலேயே கோரிக்கையைத் தொலைபேசியோடு நிறுத்தாமல், தேதி பதிவாகும்படி மின்னஞ்சலிலோ செயலியிலோ கொடுத்து, கோரிக்கை எண்ணைக் குறித்துவைப்பது பயன்படும். உதவி எண்ணைக் கூகுளில் தேடி எடுக்க வேண்டாம். மோசடிக்காரர்கள் விரித்துவைத்திருக்கும் போலி எண்கள் அங்கே ஏராளம். கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணே போதும். கார்டை மூடுவதற்காக அழைக்கிறேன் என்று சொல்லி ஓ.டி.பி. கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு மூடப்பட்டது என்ற குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வந்த பிறகு, நிலுவையில்லாச் சான்று ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். கணக்கில் கூடுதலாகக் கட்டிய பணம் இருந்தால் அது உங்கள் வங்கிக் கணக்குக்குத் திரும்ப வர வேண்டும். குடும்பத்தினருக்கு வாங்கிய கூடுதல் கார்டுகளும் இதோடு செயலிழந்துவிடும் என்பதை அவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது, கடையில் நின்று அவர்கள் சங்கடப்படாமல் காக்கும்.

கட்டப் பணம் இல்லாத வாடிக்கையாளரிடம் வங்கி, பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று முன்வருவது உண்டு. அப்படி முடித்தால் அறிக்கையில் ‘மூடப்பட்டது’ என்று வராது. ‘செட்டில்டு’ என்று வரும். அதைப் பார்க்கும் அடுத்த வங்கி, இவர் முழுக் கடனைத் திருப்பவில்லை என்றே எடுத்துக்கொள்ளும். வேறு வழியே இல்லாதவர் மட்டுமே ஏற்க வேண்டிய ஏற்பாடு அது.

மூடிய பின்

கார்டு மூடப்பட்ட விவரத்தை வங்கி 30 நாட்களுக்குள் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வங்கிகள் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையாவது விவரங்களை அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்ததிலிருந்து, முன்பைவிட விரைவாகவே மாற்றம் தெரிகிறது. ஒன்றரை மாதம் கழித்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அந்தக் கார்டுக்கான வரியில் மூடிய தேதி இருக்கிறதா, தற்போதைய நிலுவை பூஜ்யமா, கெடு கடந்த தொகை பூஜ்யமா என்ற மூன்றையும் பாருங்கள். கணக்கு இன்னும் இயங்குவதாகக் காட்டினாலோ நிலுவை காட்டினாலோ, நிலுவையில்லாச் சான்றின் நகலுடன் வங்கிக்கும், அந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலும் புகார் பதிவு செய்யுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதன் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெற உங்களுக்கு உரிமை உண்டு. 2024 ஏப்ரல் முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் பலன் இல்லையென்றால் ஆர்.பி.ஐ. குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகவே, கட்டணம் ஏதுமின்றி முறையிடலாம்.

மூட வேண்டாம் என்று முடிவெடுத்து, கட்டணமில்லாத பழைய கார்டை வைத்துக்கொள்பவர்களும் அதை அடியோடு மறந்துவிடக் கூடாது. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, முன்னறிவிப்புக் கொடுத்து, 30 நாட்களில் பதில் வராவிட்டால் வங்கியே மூடலாம் என்று ஆர்.பி.ஐ. நெறிகள் சொல்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் மொபைல் ரீசார்ஜ் செய்து, பில்லை உரிய நாளில் கட்டிவிட்டால் கார்டு இயக்கத்திலேயே இருக்கும்.