எல்லாவற்றுக்கும் ஒரே கான் ஒயில் சரிவராது

லேத் (கடைசல் மெஷின்) ஹெட்டின் கியர்களுக்கு வாகனத்துக்கு வாங்கின 20டபிள்யூ-50 என்ஜின் ஒயில், கருவி நகரும் ஸ்லைட்டுக்கும் அதே, துளை போடும்போதும் அதிலேயே இரண்டு சொட்டு. திருகோணமலையில் நான் பார்த்த பல பட்டறைகள் இப்படித்தான் ஓடுகின்றன. சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளும் ஒயில் கலக்கும் ஆலையும் இருக்கிற ஊரில் இது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

முதலில் கானில் எழுதியிருக்கிற இலக்கத்தைப் பாருங்கள். மெஷின் ஒயிலில் ஐஎஸ்ஓ விஜி 68 என்றால் 40 பாகை வெப்பத்தில் அதன் தடிப்பு ஏறத்தாழ 68 சென்டிஸ்டோக் (தடிப்பை அளக்கும் அலகு). என்ஜின் ஒயிலின் 50 வேறு கணக்கு. 68ஐ விட மெல்லிசு என்று நினைத்து ஊற்றினால் ஏமாந்தீர்கள், 40 பாகையில் அது 150ஐத் தாண்டும். அதோடு என்ஜின் ஒயிலில் இருக்கிற அழுக்கு நீக்கும் மருந்து இரும்புத் தூளை அடியில் படியவிடாமல் மிதக்க வைக்கும். வாகனத்தில் பில்டர் பிடித்துக்கொள்ளும், பழைய லேத் ஹெட்டில் பில்டர் எங்கே இருக்கிறது? மெஷின் தகட்டில் எழுதியிருக்கிற இலக்கமுள்ள ஒயிலையே வாங்குங்கள். ஸ்லைட்டுக்குத் தனியாக ஒட்டும் தன்மையுள்ள ஸ்லைட்வே ஒயில், பெரும்பாலும் 68.

சரி, இனி தண்ணீர். வெட்டும்போது ஊற்றுகிற, தண்ணீரில் கலந்தால் பால் போலாகும் வெள்ளை ஒயில் இங்கே கெடுவதற்கு ஒயிலை விடக் கிணற்றைத்தான் நான் சந்தேகப்படுவேன். கடற்கரைக் கிணற்று உப்பு கலவையைத் திரித்துவிடும், கடைந்த சாமான் மறுநாளே துருப்பிடிக்கும். மாரியில் மழைநீர் பிடித்து வையுங்கள், ஆனால் கச்சான் காற்று வீசும் வறண்ட காலம் முழுக்கக் கூரையில் படிந்த தூசும் அழுக்கும் கழுவிப்போக முதல் இரண்டு மழையை விட்டுவிட வேண்டும். மழைநீரில் நுரை கொஞ்சம் கூடும், நுரை குறைந்த வகை கேட்டு வாங்கலாம். 19 லீற்றர் தண்ணீரை முதலில் எடுத்து, கலக்கிக்கொண்டே 1 லீற்றர் ஒயிலை விடுங்கள். ஒயிலுக்குள் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டியாகத் திரளும். சாதாரணக் கடைசலுக்கு இந்த 5 சதவீதம் போதும், ஸ்டெயின்லெஸ் என்றால் 8, 10 வரை போகலாம். வெயிலில் வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே கிடக்கும், அதனால் நிரப்பும்போது கிணற்று நீரை ஊற்றாமல் நல்ல தண்ணீரில் 1, 2 சதவீதக் கலவை விடுங்கள். இரண்டு நாள் பூட்டிவைத்துத் திறக்கும்போது நாறினால் கிருமி வந்துவிட்டது, வாசனை மருந்து ஊற்றி ஏமாற்றாமல் தொட்டியைக் கழுவுங்கள். கையில் சொறி வருவதற்குக் கெட்டுப்போன கலவையும் ஒரு காரணமாகலாம்.

வார்ப்பிரும்பை உலர்வாகவே கடையலாம். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் நன்றாக வேலை செய்யும், நெருப்பு மட்டும் கவனம். ஸ்டெயின்லெஸ்ஸில் மறை (திருகுப் புரி) வெட்டக் கந்தகம் கலந்த கட்டிங் ஒயில் அருமை, ஆனால் அதே ஒயில் பித்தளை, வெண்கலத்தைக் கறுக்கவைக்கும். ஒருமுறை படகு ஒன்றின் வெண்கலப் புஷ்ஷை அதில் கடைந்து கறுப்பாகக் கொடுத்து, உரிமையாளர் அண்ணனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெண்கலப் பல்சக்கரம் உள்ள கியர் பொக்ஸிலும் இதே கதைதான், ஒயில் செம்பை எவ்வளவு கறுக்கவைக்கிறது என்று பார்க்கும் செப்புத் தகட்டுச் சோதனையின் முடிவைக் கடைக்காரரிடம் கேளுங்கள், 1ஏ என்றிருந்தால் நல்லது.

கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் படகு வேலை செய்பவர்களுக்கு: சோடியம் கிறீஸ் தண்ணீரில் கரைந்துபோகும். கல்சியம் சல்பனேட் வகை உப்புத் தண்ணீருக்கு நின்றுபிடிக்கும், விலைதான் கூட. அப்புறம், பழைய கிறீஸின் மேலேயே புதிய வகையை அடிக்க வேண்டாம், சில வகைகள் சேர்ந்தால் இளகி வழிந்துவிடும். பெயாரிங்கைக் கழற்றிக் கழுவித் துடைத்த பிறகே நிரப்புங்கள்.