தட்டு வரை வந்து திரும்பிய பூனை

14 வயதுப் பூனை. சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்ததும் பாஸ்பரஸ் குறைந்த உணவுக்கு ஒரே நாளில் மாற்றிவிட்டேன். இரண்டு நாள் தின்றது. அப்புறம் நாளைக்கு நாலு வாய், அவ்வளவுதான்.

ருசி பிடிக்கவில்லை போல என்று வேறு டப்பாக்களைத் திறந்தேன், வெதுவெதுப்பாக்கினேன், தட்டை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

நான்காம் நாள்தான் கவனித்தேன். பசியே இல்லாத பூனை தட்டுப் பக்கம் வராது. இதுவோ ஓடி வருகிறது, குனிந்து மோந்து பார்க்கிறது, உதட்டை இரண்டு முறை நக்கி எச்சில் விழுங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறது. வீடியோ எடுத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன்.

பார்த்ததுமே குமட்டல் என்றார். மரோபிடன்ட் என்ற குமட்டல் தடுப்பு மருந்தைக் கொடுத்து, புது உணவை இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார். குமட்டும்போது தின்ற உணவைப் பூனை வெறுத்துவிடுமாம். எதையாவது தின்றால் போதும். பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேரும், அது இன்னும் ஆபத்து.

மறுநாள் மாலையே பழைய உணவைத் தட்டு காலியாகத் தின்றது. அப்பாடா! இரண்டு வாரம் விட்டு, வேறு வகைச் சிறுநீரக உணவை ஒரு ஸ்பூன் கலந்து ஆரம்பித்தேன். முழுதாக மாற ஒரு மாதம் ஆனது. இப்போதும் உதட்டை நக்கினால் அன்றைக்குப் புது டப்பா திறப்பதில்லை.