வால் நுனியைப் பார்த்துப் போடும் தப்புக் கணக்குகள்

விமானத்தின் கடைக்கோடியில் ஒரு ஓட்டை இருக்கிறதே, அதைக் காட்டி "அது குட்டி எஞ்சின், பின்னாலிருந்து தள்ளும்" என்று பிள்ளைகளுக்கு விளக்கும் அப்பாக்கள் உண்டு (நானும் ஒரு காலத்தில் அப்படி அளந்தவன்தான்). பாதி சரி. உள்ளே இருப்பது ஏபியு என்கிற சின்ன டர்பைன், ஆனால் தள்ளுவது அதன் வேலை இல்லை. நிற்கும்போது கரண்ட், ஏசிக்குக் காற்று, பெரிய எஞ்சினைக் கிளப்ப அழுத்தக் காற்று, அவ்வளவுதான். அந்த ஓட்டைக்குப் பின்னால் காற்று கானல் மாதிரி நெளிவதைப் பார்த்துத் தீ என்று பதறவும் வேண்டாம்.

அதற்காக எல்லா விமானத்திலும் ஏபியு வாலில்தான் இருக்கும் என்று சத்தியம் பண்ணிவிடாதீர்கள். போயிங் 727-ல் அந்த இடத்தை மூன்றாவது எஞ்சின் பிடித்துக்கொண்டதால் ஏபியு சக்கரம் மடங்கும் பள்ளத்துக்குக் குடிபோனது. பிஏஇ 146-ல் வால் நுனியே இரண்டு கதவாகப் பிரிந்து விரியும். வேகத்தைக் குறைக்கும் பிரேக் அது.

அடுத்தது, "கூராக இருந்தால்தான் காற்றைக் கிழிக்கும்" என்ற நினைப்பு. ஒலியை விட மெதுவாகப் பறக்கும் பயணிகள் விமானத்துக்கு மீன்தான் சரியான உதாரணம்: தலை மொத்தையாக இருக்கலாம், வால் பக்கம்தான் நிதானமாக மெலிய வேண்டும். சட்டென்று குறுக்கிவிட்டால் காற்று உடம்போடு ஒட்டி வராமல் பிய்ந்து, சுழன்று, விமானத்தைப் பின்னால் பிடித்து இழுக்கும். சரி, நீளமாகவே மெலிய விடலாமே என்றால் எடையும் கூடும், காற்று உரசும் பரப்பும் கூடும். இந்த இழுபறியில் ஒவ்வொரு வடிவமைப்பாளரும் ஒரு இடத்தில் நிற்கிறார், அதனால்தான் ஒன்று போல இன்னொன்று இல்லை.

தட்டை முனை என்றால் புதுசு, உருண்டை என்றால் பழசு என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். 1994-ல் முதலில் பறந்த போயிங் 777-க்கு வால் கத்தி அலகு மாதிரி செங்குத்தாகத் தட்டை. 2009-ல் பறந்த 787-க்கு மறுபடி உருண்டைக் கூம்பு. 777-ல் ஏபியு புகைவாய் இடப் பக்கமாகத் திறப்பதால், வலப் பக்கம் நின்று பார்த்துவிட்டு "இதில் ஓட்டையே இல்லை" என்று அடித்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்! எம்டி-80 கதை இன்னும் வேடிக்கை. முதலில் கூம்பு வாலோடு வந்தது, 1980-களின் பிற்பாதியில் காற்றுத் தடையைக் குறைக்க ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி மாற்றினார்கள், ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த சிலவற்றுக்கும் அதையே பொருத்தினார்கள். ஆக, வாலை வைத்து அதன் வயதைச் சொல்ல முடியாது.

அடிப்பக்கம் மேல் நோக்கிச் சரிந்திருப்பதை அழகுக்கு என்று நினைப்பது இன்னொரு தப்பு. ஓடுபாதையில் மூக்கைத் தூக்கும்போது வால் தரையில் இடிக்காமல் இருக்கத்தான் அந்தச் சரிவு. ஏர்பஸ் ஏ320-க்கும் ஏ321-க்கும் வால் ஒரே மாதிரிதான், ஆனால் விமானத்தின் நீளம் 37.6 மீட்டரிலிருந்து 44.5 மீட்டராகிவிட்டது, அதனால் ஏ321-ல் மூக்கைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கினாலே உரசிவிடும்.

வால் உரசல் என்றால் பெயிண்ட் போகும், தகடு நசுங்கும், அப்புறம் தட்டி நிமிர்த்தினால் போச்சு என்று மட்டும் நினைக்காதீர்கள். வால் கூம்புக்கு முன்னால் ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது, பயணிகள் பக்கத்துக் காற்றழுத்தம் முழுவதையும் தாங்குவது அதுதான். 1978-ல் ஒசாகாவில் ஒரு 747 வாலை உரசியது. அந்தச் சுவரைச் சரிசெய்தபோது, முழுதாக வைக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டி வைத்தார்கள், அதனால் இரண்டு வரிசை ரிவெட் ஆணிகள் தாங்க வேண்டிய பாரம் ஒரே வரிசை மேல் விழுந்தது. அப்படியே அந்த விமானம் ஏழு வருடம் பறந்தது. 1985 ஆகஸ்ட் 12 அன்று சுவர் கிழிந்து, சீறி வந்த காற்று செங்குத்து வாலின் பெரும்பகுதியையும் ஏபியுவையும் பெயர்த்துக்கொண்டு போனது. ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 என்ற அந்தப் பயணத்தில் இருந்த 524 பேரில் பிழைத்தது நான்கு பேர்.