கடலூர்க் கூண்டும் புதுச்சேரிக் கூண்டும்: டிபென்டென்சி இன்ஜெக்ஷனில் எந்த சர்வீஸ் வரும் என்பதை நாமே தீர்மானித்தல்

கன்ஸ்ட்ரக்டரில் ஓர் இன்டர்ஃபேஸின் பெயரை எழுதிவைத்தால், மைக்ரோசாஃப்டின் வெப் செயலிக் கட்டமைப்பான ஏஎஸ்பி.நெட் கோர் அதற்குரிய ஆப்ஜெக்ட்டை எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. இதுவே டிபென்டென்சி இன்ஜெக்ஷன். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நிறைவடைந்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். இப்படி ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கித் தரும் பகுதியான கன்டெய்னரால் ஆப்ஜெக்ட்டைக் கொடுக்க முடியாமல் போனால் பிழைச்செய்தி வரும், அதைப் படித்துத் திருத்திக்கொள்ளலாம். தவறான ஆப்ஜெக்ட்டைக் கொடுக்கும்போதோ எந்தச் செய்தியும் வராது. இந்த விளக்கம் முக்கியமாக அந்த இரண்டாவது வகைக்காக எழுதப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணை மீனவர்களுக்குத் தெரிவிக்கும் ஒரு சிறு செயலியை எடுத்துக்கொள்வோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த கடலூர், புதுச்சேரிப் பகுதியில் இருப்பவர்களுக்கு 1 முதல் 11 வரையிலான அந்த எண்களின் பொருளை விளக்கத் தேவையில்லை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் தனித்தனித் துறைமுகங்கள் இருப்பதால், ஒரு துறைமுகத்தின் எண்ணை மற்றொன்றின் எண்ணாகக் காட்டிவிடக் கூடாது என்பதே நம் செயலியின் முதல் கடமை.

படி 1: தளத்தைத் தயார் செய்தல்

டாட்நெட் 8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவிக்கொண்டு, டெர்மினலில் 'டாட்நெட் நியூ வெப்' என்ற கட்டளையால் புதிய புராஜெக்ட் ஒன்றை உருவாக்குங்கள். சி ஷார்ப் மொழியில் கிளாஸ் பெயர்களைத் தமிழ் எழுத்துகளிலேயே வைக்க முடியும் என்பதால், நம் பெயர்கள் அனைத்தும் தமிழிலேயே இருக்கட்டும். டாட்நெட்டுக்குச் சொந்தமான பெயர்களை நான் இங்கே ஒலிபெயர்த்துத் தருகிறேன், எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

'ஐஅறிவிப்பான்' என்ற இன்டர்ஃபேஸை எழுதி, அதில் 'அனுப்பு' என்ற ஒரே ஒரு மெத்தடை வையுங்கள். அதைச் செயல்படுத்தும் கிளாஸ்கள் இரண்டு: 'குறுஞ்செய்திஅறிவிப்பான்', 'மின்னஞ்சல்அறிவிப்பான்'. இப்போதைக்கு இரண்டும் தத்தம் பெயரைத் திருப்பித் தந்தால் போதும்.

படி 2: பதிவு செய்யும் வரிசை

புரோகிராம் கோப்பில் பில்டர் உருவாகும் வரிக்கும், 'பில்ட்' மெத்தட் அழைக்கப்படும் வரிக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் எல்லாப் பதிவுகளும் நடக்க வேண்டும். அங்கே 'ஆட்ஸ்கோப்டு' மெத்தடைக் கொண்டு (ஸ்கோப்டு என்பதன் பொருளைப் படி 4-இல் பார்ப்போம்), ஐஅறிவிப்பானுக்கு முதலில் குறுஞ்செய்திஅறிவிப்பானையும் அடுத்த வரியில் மின்னஞ்சல்அறிவிப்பானையும் பதிவு செய்யுங்கள். பிறகு 'மேப்கெட்' மூலம் ஒரு முகவரியை அமைத்து, அதன் ஃபங்ஷனில் ஐஅறிவிப்பானைக் கேட்டு வாங்கி, அதன் பெயரை அச்சிடுங்கள். மின்னஞ்சல்தான் வரும். வரிகளை இடம் மாற்றினால் குறுஞ்செய்தி வரும். ஒரே இன்டர்ஃபேஸுக்குப் பல பதிவுகள் இருக்கும்போது, ஒன்றைக் கேட்டால் கடைசிப் பதிவே கிடைக்கும் என்பது விதி.

முந்தைய பதிவு அழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஃபங்ஷனில் 'ஐஎன்யூமரபிள்' என்ற பட்டியல் வடிவில் கேட்டால், இரண்டும் பதிவு செய்த வரிசையிலேயே வந்து சேரும். புயல் எச்சரிக்கையை எல்லா வழிகளிலும் அனுப்ப வேண்டும் என்றால் அதுவே நமக்குப் பொருத்தமானது. ஏற்கெனவே பதிவு இருந்தால் புதியதைச் சேர்க்கக் கூடாது என்றால் 'ட்ரைஆட்ஸ்கோப்டு' மெத்தடைப் பயன்படுத்துங்கள். பிறர் பயன்படுத்துவதற்காக லைப்ரரி எழுதுபவர்களுக்கு இது மிகவும் வேண்டியது, ஏனெனில் பயனர் தனக்கென முன்பே செய்துவைத்த பதிவை லைப்ரரி ஓசையின்றி மீறிவிடாமல் இது பார்த்துக்கொள்ளும்.

படி 3: பெயர் சொல்லிக் கேட்டல்

வரிசையை நம்பியிருப்பது எனக்கு எப்போதுமே உவப்பானதில்லை. யாரோ ஒருவர் கோப்பை ஒழுங்குபடுத்துகிறேன் என்று இரண்டு வரிகளை இடம் மாற்றினால் செயலியின் நடத்தையே மாறிவிடுகிறது. 2023 நவம்பரில் வெளியான டாட்நெட் 8, இதற்குக் கீ கொண்டு பதிவு செய்யும் வசதியைத் தந்தது. 'ஆட்கீடுஸ்கோப்டு' மெத்தடில் "குறுஞ்செய்தி", "மின்னஞ்சல்" என்ற கீகளைக் கொடுத்துப் பதிவு செய்துவிட்டு, தேவைப்படும் பாராமீட்டருக்கு முன்னால் 'ஃப்ரம்கீடுசர்வீசஸ்' என்ற ஆட்ரிபியூட்டை அந்தக் கீயுடன் எழுதினால் போதும். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கீயுடன் மட்டும் பதிவு செய்ததை, கீ இல்லாமல் கேட்டால் கன்டெய்னர் தராது.

படி 4: ஆயுட்காலம்

பாடத்தின் கடினமான பகுதி இதுதான், எனவே இங்கே நிதானமாகச் செல்வோம். டிரான்சியன்ட் என்றால் கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிய ஆப்ஜெக்ட். ஸ்கோப்டு என்றால் ஒரு ரெக்வெஸ்ட் முடியும் வரை ஒரே ஆப்ஜெக்ட். சிங்கிள்டன் என்றால் செயலி ஓடி முடியும் வரை ஒரே ஆப்ஜெக்ட். இவற்றை மனப்பாடம் செய்வது எளிது. ஒன்று மற்றொன்றைத் தன் கன்ஸ்ட்ரக்டரில் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இந்தச் செயலியை நான் முதன்முறை எழுதியபோது, 'துறைமுகச்சூழல்' என்ற ஸ்கோப்டு கிளாஸை வைத்திருந்தேன். அது தன் கன்ஸ்ட்ரக்டரிலேயே 'ஐஎச்டிடிபிகான்டெக்ஸ்ட்ஆக்சஸர்' மூலம் ரெக்வெஸ்ட்டின் முகவரியைப் படித்து, கேட்பது கடலூரா புதுச்சேரியா என்று குறித்துக்கொள்ளும். கூண்டு எண்ணைத் தற்காலிகமாகச் சேமித்துவைக்க 'கூண்டுசேமிப்பு' என்ற சிங்கிள்டனை எழுதி, அதன் கன்ஸ்ட்ரக்டரில் துறைமுகச்சூழலைக் கேட்டிருந்தேன். செயலியைத் தொடங்கியபின் முதலில் வந்த ரெக்வெஸ்ட் புதுச்சேரியுடையதாக இருந்ததால், அதன் பின்னர் கடலூரைக் கேட்ட அனைவருக்கும் புதுச்சேரியின் எண்ணே போய்ச் சேர்ந்தது. சிங்கிள்டன் ஒரே முறைதான் உருவாகும், அப்போது அதன் கைக்கு வந்த ஸ்கோப்டு ஆப்ஜெக்ட்டும் கடைசி வரை அதனிடமே சிறைப்பட்டிருக்கும் என்பதை நான் எண்ணிப்பார்க்கவில்லை. செயலியை நிறுத்தித் தொடங்கியதும் சரியாகிவிட்டது போலத் தெரிந்தது, ஏனெனில் ஒவ்வொரு முறையும் நான் முதலில் சோதித்தது கடலூரைத்தான். ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதிலேயே போயிற்று.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உள்ளன. சிங்கிள்டனையே ஸ்கோப்டாக மாற்றுவது முதல் வழி, ஆனால் ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் புதிதாக உருவாகும் ஆப்ஜெக்ட்டில் சேமிப்பு என்பதற்கே பொருளில்லை. இரண்டாவது, சிங்கிள்டனுக்குள் 'ஐசர்வீஸ்ஸ்கோப்ஃபேக்டரி' என்பதைக் கேட்டு வாங்கி, தேவைப்படும்போதெல்லாம் புதிய ஸ்கோப் ஒன்றை, அதாவது ஸ்கோப்டு ஆப்ஜெக்ட்டுகள் வாழும் எல்லை ஒன்றைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடுவது. ரெக்வெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது இது வேலை செய்யும். பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஒன்று அழைத்தாலோ அங்கே ரெக்வெஸ்ட்டே இல்லாததால் துறைமுகச்சூழலுக்குப் படிக்க முகவரி கிடைக்காது. மூன்றாவது வழியையே நான் பரிந்துரைக்கிறேன்: கூண்டுசேமிப்பின் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து துறைமுகச்சூழலை நீக்கிவிட்டு, 'எண்ணைக்கொடு' என்ற மெத்தடுக்குத் துறைமுகத்தின் பெயரைப் பாராமீட்டராக அனுப்புங்கள். நீண்ட காலம் வாழும் ஆப்ஜெக்ட், யார் கேட்கிறார்கள் என்பதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல், கேட்பவரிடமிருந்தே ஒவ்வொரு முறையும் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது வழிக்கும் உரிய இடம் உண்டு. பின்னணி சர்வீஸ்கள் சிங்கிள்டனாகவே ஓடுகின்றன, 'ஆட்டிபிகான்டெக்ஸ்ட்' மூலம் பதிவு செய்யும் டேட்டாபேஸ் இணைப்போ இயல்பாக ஸ்கோப்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டேட்டாபேஸைப் பார்க்கும் சர்வீஸை எழுதினால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஸ்கோப்பைத் திறந்து மூடுவதே சரியான முறை. ரெக்வெஸ்ட்டுகள் கடந்துசெல்லும் இடைக்கட்டமான மிடில்வேரிலும் இதே கவனம் தேவை: அதன் கன்ஸ்ட்ரக்டர் ஒரே முறைதான் ஓடும் என்பதால், ஸ்கோப்டு சர்வீஸ்களை 'இன்வோக்அசிங்க்' மெத்தடின் பாராமீட்டராகக் கேளுங்கள்.

படி 5: சோதனையை எப்போதும் இயக்கி வைத்தல்

மேற்சொன்ன தவற்றைக் கண்டுபிடிக்கும் வசதி ஏஎஸ்பி.நெட் கோரிலேயே இருக்கிறது. 'வேலிடேட்ஸ்கோப்ஸ்', 'வேலிடேட்ஆன்பில்ட்' என்ற இரண்டு அமைப்புகளும் டெவலப்மென்ட் சூழலில் தாமாகவே இயங்கி, சிங்கிள்டன் ஒன்று ஸ்கோப்டைக் கேட்டால் செயலி தொடங்கும்போதே பிழையைக் காட்டிவிடும். எனக்கு ஏன் காட்டவில்லை? நான் பப்ளிஷ் செய்த ஃபோல்டரிலிருந்து செயலியை நேரடியாக இயக்கிக்கொண்டிருந்தேன். 'டாட்நெட் ரன்' கொடுக்கும்போது லாஞ்ச்செட்டிங்ஸ் கோப்பு சூழலை டெவலப்மென்ட் என்று அமைக்கிறது. வேறு வழியில் இயக்கி, சூழல் எதுவென்று நாம் சொல்லாமல் விட்டால், அது புரொடக்ஷன் என்றே கொள்ளப்படும், சோதனைகளும் நின்றுவிடும்.

ஆகவே, பில்டரின் 'ஹோஸ்ட்' வழியாக 'யூஸ்டிஃபால்ட்சர்வீஸ்புரொவைடர்' மெத்தடை அழைத்து, இரண்டு அமைப்புகளையும் 'ட்ரூ' என்று வைத்துவிடுங்கள். தொடக்கத்தில் சிறிது நேரம் கூடுதலாகும். இவ்வளவு சிறிய செயலியில் அது கண்ணுக்கே தெரியாது.

இந்தச் சோதனையும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. ரெக்வெஸ்ட்டுகளுக்குப் பதிலளிக்கும் கிளாஸ்களான கன்ட்ரோலர்கள் இயல்பாகக் கன்டெய்னரில் பதிவாவதில்லை என்பதால், அவற்றின் கன்ஸ்ட்ரக்டரில் உள்ள குறை அந்த முகவரிக்கு ரெக்வெஸ்ட் வரும்போதுதான் வெளிப்படும். 'ஆட்கன்ட்ரோலர்ஸ்' அழைப்பை அடுத்து 'ஆட்கன்ட்ரோலர்ஸ்ஆஸ்சர்வீசஸ்' என்று சேர்த்தால் அவையும் சோதனைக்குள் வரும். சிங்கிள்டன் ஒன்று டிரான்சியன்ட்டைக் கேட்டாலும் அந்த டிரான்சியன்ட் அதே போலச் சிறைப்படும், அதைப் பற்றி எந்த அமைப்பும் எச்சரிக்காது.

எல்லாம் முடிந்தபின், செயலியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கி, முதலில் புதுச்சேரியையும் பிறகு கடலூரையும் கேளுங்கள். மீண்டும் நிறுத்தித் தொடங்கி, இம்முறை கடலூரை முதலில் கேளுங்கள். இரண்டு முறையும் அந்தந்தத் துறைமுகத்தின் எண்ணே வர வேண்டும்.